குழந்தை மெத்தையின் நாற்பத்தாறு வரிகள்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு தலையணைக் கடையில் கிடைத்தது. கழுத்துவலிக்குத் தலையணை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பில் போட நேரமெடுத்துக்கொண்டதால், தலையணை ஓரத்தில் தைத்திருந்த துணிச் சீட்டைப் புரட்டினேன். அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டங்கள் சிதறிக் கிடக்கும் ஒரு சதுரம். போனை அதன் மேல் காட்டினேன். ஒரு பக்கம் திறந்தது.

தலையணையின் ஜாதகமே அங்கே இருந்தது. எங்கே பிறந்தது, எந்த நுரை, செய்வதற்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிலோ கரிப்புகை, எத்தனை சதவீதம் மறுசுழற்சி. பொறுமையாகக் கடைசி வரை படித்தேன். இதில் தலைவைத்துப் படுத்தால் என் கழுத்து நேராகுமா, உறையைத் துவைக்கலாமா, இரண்டு வருஷம் கழித்துப் பஞ்சாகிப் போனால் யார் தலையில் கட்டுவது என்று மட்டும் தெரியவில்லை. கடைசியில் பணிவாக ஒரு கேள்வி: ‘இந்தத் தகவல் பயனுள்ளதாக இருந்ததா?’ ‘இல்லை’ என்று தட்டினேன். உடனே ஒரு பெட்டி திறந்து ‘ஏன் என்று சொல்ல முடியுமா?’ என்றது. முடியவில்லை. மூடிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்தப் பெட்டி உறுத்தியது. அதில் யாராவது எதையாவது எழுதுவார்களா? எழுதினால் அதை யார் படிப்பார்கள்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கதையின் தங்கை வந்தாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘உலகம் நாளுக்கு நாள் சூடாகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மெத்தைக் கம்பெனியின் தகவல் பிரிவில்—’ வேண்டாம். உலகத்தை இழுத்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது பெரும்பாடு.

இரண்டாம் முயற்சி: ‘ஜன்னலுக்கு வெளியே மழை—’ எதற்கு மழை? மெத்தை நனைந்துவிடும்.

மூன்றாவது: ‘திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது பதிலைத் திறந்தாள்.’ இது இருக்கட்டும். இதில் ஒரு மணி இருக்கிறது, ஓர் எண் இருக்கிறது, அவள் இருக்கிறாள்.

அவள் அந்த மெத்தைக் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருஷம். சதுரத்துக்குப் பின்னால் திறக்கிற பக்கங்களை எழுதுவது அவள் வேலை. எழுதுவது என்றால், ஆய்வகத்திலிருந்தும் சட்டப் பிரிவிலிருந்தும் வருகிற சரக்கைத் தமிழாக்கி வரிசையாக அடுக்குவது. ஒரு மெத்தைக்கு நாற்பத்தாறு வரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பதில் பெட்டி என்று ஒன்று இருப்பதே அலுவலகத்தில் பலருக்குத் தெரியாது. போன வாரம்தான் மேலாளர், “அதுல குப்பை மாதிரி ஏதோ சேர்ந்து கிடக்காம். கொஞ்சம் பார்த்துக் கழிச்சு விடும்மா” என்று அவளிடம் தள்ளிவிட்டிருந்தார்.

பெரும்பாலும் குப்பைதான். ‘நல்லா இருக்கு’, ‘ஹலோ’, ஒருவர் தன் பூனையின் படத்தை அனுப்பியிருந்தார். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது மட்டும் நீளமாக இருந்தது. அப்படியே தருகிறேன்:

‘வணக்கம். நான் மருந்துக்கடையில வேலை பாக்கறேன். உங்க குழந்தை மெத்தை வாங்கியிருக்கோம். என் பொண்ணு ஏழாம் மாசமே பொறந்துட்டா. இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா, ரெண்டு வாரத்துல வீட்டுக்கு அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க. மூச்சு கொஞ்சம் சிரமம். புது வாசனை எதுவும் ஆகாதுன்னு டாக்டர் சொல்றார். மெத்தைப் பையைப் பிரிச்சா வாசனை ஆளைத் தூக்குது. உங்க பக்கத்துல நாப்பத்தாறு வரி இருக்கு, எண்ணிப் பாத்தேன். வாசனை எத்தனை நாள்ல போகும்னு ஒரு வரி இல்ல. பதினெட்டு சதவீதம் மறுசுழற்சின்னா, அது யார் படுத்த மெத்தை? கடைசியில “ஆயுள் முடிவில்”னு ஒரு தலைப்பு. பச்சைக் குழந்தை படுக்கற மெத்தையில அப்படி எழுதுவீங்களா? நான் அதை ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து படிச்சேன். எங்க கடைக்கு வர்றவங்க, மாத்திரை அட்டையில என்ன அச்சடிச்சிருந்தாலும் மூணே கேள்விதான் கேப்பாங்க. எப்போ, எவ்வளவு, ஒத்துக்கலைன்னா என்ன பண்றது. நீங்க எழுதினது சொதசொதன்னு இருக்கு. பிழிஞ்சு காயப் போடுங்க.’

தங்கை நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ‘சொதசொதன்னு இருக்கு, பிழிஞ்சு காயப் போடு.’ பள்ளிக்கூடக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம், அவளைவிட ஆறு வயது மூத்த ஒருத்தி, சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டே சொல்கிற வாக்கியம் அது. உலகத்தில் வேறு யாரும் எழுத்தைப் பற்றி அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

அக்கா. அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அதை அவள் மெத்தைக் கம்பெனியின் பதில் பெட்டியில் படித்துத் தெரிந்துகொள்கிறாள்.

(இப்படியொரு தற்செயல் ஆகுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அந்த ஊரில் குழந்தை மெத்தை செய்வது மொத்தம் இரண்டே கம்பெனிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி தற்செயல்தான். பாதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.)

3

இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

அக்காவுக்கு நான்காவது முறையும் கரு தங்காமல் போன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த தங்கை சொன்னாள்: “போதும்க்கா. உடம்பு என்னத்துக்கு ஆகும்? விட்டுடு.”

அக்கா காலை இழுத்துக்கொண்டாள். “எதை விடச் சொல்ற?” என்றாள். அதுதான் கடைசி. பிறகு போன் எடுக்கவில்லை. அத்தான் மட்டும் எப்போதாவது, “கொஞ்ச நாள் போகட்டும்மா” என்பார். அப்புறம் அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இதைவிடப் பெரிய சண்டை ஒன்றை வைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்தான் ஆழமாக இறங்குகிறது, திட்டினால் திருப்பித் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

4

பதிலின் மூலையில் தேதி இருந்தது. பதினோரு நாள் ஆகியிருந்தது. ரெண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றால் இன்றைக்கோ நாளைக்கோ. முன்னாலேயே அனுப்பியிருந்தால், குழந்தை இப்போது அந்த மெத்தையில் படுத்திருக்கும்.

அவள் ஆய்வகத்துக்கு ஓடினாள். (‘ஓடினாள்’ என்று எழுத யோசித்தேன். அலுவலகங்களில் யாரும் ஓடுவதில்லை. ஆனால் அவள் ஓடத்தான் செய்தாள். ஒரு செருப்பு படிக்கட்டில் கழன்று விழுந்தது.)

ஆய்வகக்காரரை எல்லாரும் ‘மூக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி ஜாடிகளில் நுரைத் துண்டுகளை அடைத்து வைத்து, மூடியைத் திறந்து முகர்ந்து, ஒன்றிலிருந்து ஆறு வரை மதிப்பெண் போடுவது அவர் வேலையில் ஒரு பகுதி. ஜலதோஷம் பிடித்தால் அவருக்கு விடுமுறை கொடுத்தாக வேண்டும்.

“சார், அந்தப் பதினேழாவது வரி. ‘ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்’னு நான் போடறேனே, அந்த வாசனை அளவு என்னைக்கு எடுத்தது?”

“இருபத்தெட்டாம் நாள்.”

“எதுலேர்ந்து இருபத்தெட்டு?”

“பையைப் பிரிச்சதுலேர்ந்து. காத்தோட்டமான அறையில வச்சு.”

“அப்போ முதல் நாள்?”

மூக்கு கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தார். “முதல் நாளை யாரும் கேட்டதில்லையேம்மா.”

“கேட்டிருக்காங்க சார். பதினோரு நாள் முன்னாடியே கேட்டிருக்காங்க.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அலமாரிப் பக்கம் போனார். பழைய கோப்பை எடுத்து, கோடு போட்ட தாளைப் பிரித்தார். முதல் நாள் கோடு தாளின் உச்சியில் இருந்தது. பத்து நாளில் சரிந்து, பதினான்காம் நாள் தரையைத் தொட்டது. “உறையைக் கழட்டிட்டு, ரெண்டு பக்கமும் காத்துப் படற மாதிரி நிறுத்தி வைக்கச் சொல்லு. நிழல்ல. வெயில் பட்டா நுரை பொடிஞ்சிடும். ரெண்டு வாரம். அது வரைக்கும் குழந்தை இருக்கற ரூம்லயே இருக்க வேண்டாம். குழந்தையை எதுல படுக்க வைக்கறதுன்னு அவங்க டாக்டர்தான் சொல்லணும். நான் நுரைக்குத்தான் டாக்டர்.”

மாடிப்படியிலேயே நின்று அக்காவின் எண்ணை அழைத்தாள். ஒரு மணி அடித்து அறுந்தது. அத்தானுக்கு அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் உட்கார்ந்து, அந்தப் பதில் பெட்டி வழியாகவே கம்பெனியின் பெயரில் எழுதினாள். எந்தப் பதிலும் மேலாளர் பார்த்த பிறகுதான் போக வேண்டும் என்பது விதி. அவள் காத்திருக்கவில்லை. மூக்கு சொன்னதை ஒன்றுவிடாமல், ஒரு வரிக்கு ஒரு விஷயமாக எழுதினாள். ‘உங்கள் கேள்வியைத் தாமதமாகப் படித்ததற்கு மன்னியுங்கள்’ என்று சேர்த்தாள். ‘இப்படிக்கு, தகவல் பிரிவு’ என்று முடித்தாள்.

மேசையில் டீ ஆறி ஆடை கட்டியது. முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

‘நாளைக்குத்தான் கூட்டிட்டு வர்றோம். நல்ல வேளை. மெத்தையை பால்கனியில நிழலா ஒரு மூலையில நிறுத்தச் சொல்லிட்டேன். நர்ஸ் வேற ஏற்பாடு சொல்லித் தர்றாங்க. நன்றி.’

அதைப் படித்துவிட்டுத் தங்கை கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே அவள் என்ன செய்தாள் என்று எழுதுவது அவசியமில்லை. நீங்கள் அனுமானித்ததுதான்.

5

ஏன் ‘நான்தான்’ என்று சொல்லவில்லை? இதற்காக அவளோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். அவள் தரப்பு இது: சொன்னால் அக்கா நிறுத்திவிடுவாள். தகவல் பிரிவாக இருக்கிற வரைக்கும் அக்கா எழுதுவாள்.

எழுதினாள். உறையை எந்தச் சோப்பில் துவைப்பது, நுரையின் மேல் பால் கக்கினால் என்ன செய்வது. ஒருநாள் தங்கை துணிந்து, பதிலின் கடைசியில், ‘குழந்தை எப்படி இருக்கிறாள்?’ என்று சேர்த்தாள்.

‘மெத்தைக் கம்பெனி குழந்தையை விசாரிக்கறதை இப்பதான் பாக்கறேன். ரெண்டு கிலோ நூறு கிராம். விரலைக் கொடுத்தா விட மாட்டேங்கறா.’

மறுசுழற்சிக்கும் பதில் போனது: ‘அந்தப் பதினெட்டு சதவீதம் எங்கள் ஆலையிலேயே வெட்டும்போது விழுந்த துண்டுகள். அதில் யாரும் படுத்ததில்லை.’

அக்கா எழுதினாள்: ‘அப்படியா. வேற ஒரு குழந்தை படுத்து, பெருசாகி, எழுந்து ஓடினதா இருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.’

இந்த வரிக்குப் பிறகுதான் தங்கை பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தாள்.

6

மேலாளரை முதலில் வில்லியாக எழுதினேன். குரலை உயர்த்தினார், மேசையைத் தட்டினார். தட்டிய மேசை என்னையே பார்த்தது. அடித்துவிட்டேன். உண்மையில் அவர் நாள் முழுக்க மூன்று பிரிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குச் சாப்பிடுகிற ஒரு பெண்மணி.

“நாப்பத்தாறு வரியும் சட்டம் கேக்கறது. ஒண்ணைக்கூட எடுக்க முடியாது.”

“எடுக்கல மேடம். அதுக்கு மேல பத்து வரி வைக்கறேன். வீட்டுல இருக்கறவங்களுக்கு.”

மேலாளர் படித்தார். “‘பையைப் பிரித்ததும் வாசனை வரும்’. இதைப் போட்டா நம்ம மெத்தையை யாரு வாங்குவாங்க? அந்த இன்னொரு கம்பெனிக்காரங்க சிரிப்பாங்க.”

“அவங்க மெத்தையிலயும் வாசனை வரும். அவங்க சொல்ல மாட்டாங்க. பிரிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா, கோபம் வராது மேடம்.”

“சரி, கரிக் கணக்கு எங்கே? அதுதானே நம்ம பெருமை? கீழே தள்ளிட்டியே.”

“எத்தனை கிலோ கரின்னு சொன்னா, அதிகமா கம்மியான்னு யாருக்கும் தெரியல. ஒரு மெத்தையை ரெண்டு குழந்தைக்கு வச்சுக்கலாம், அப்போ ரெண்டாவது மெத்தை செய்யவே வேண்டாம்னு சொன்னா, அது புரியும். செய்யவும் முடியும்.”

மேலாளர் பழைய பக்கத்தைத் திறந்து, இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்துமூன்றாவது வரியில் விரல் நின்றது. ‘ஆயுள் முடிவில்.’

“இது இங்கேயா இருக்கு? குழந்தை மெத்தையில?”

“ஒன்றரை வருஷமா இருக்கு. நான்தான் எழுதினேன். மெத்தையோட ஆயுளைச் சொல்றோம்னு நினைச்சேன். படிக்கறவங்க மடியில யார் இருப்பாங்கன்னு நினைக்கல.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “தலைப்பை மாத்தினா சட்டம் ஒண்ணும் சொல்லாது. இதுக்குப் பதிலா என்ன போட்டிருக்கே?”

தங்கை திரையைத் திருப்பிக் காட்டினாள்.

‘குழந்தை மெத்தையைவிட நீளமாக வளர்ந்த பிறகு: உறையைத் துவைத்து, வேறொரு குழந்தைக்குக் கொடுங்கள். கொடுக்க யாருமில்லை என்றால் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். நுரையைத் துண்டாக்கிப் புது மெத்தை செய்வோம்.’

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். “வந்து எடுத்துக்கறதுக்கு நம்மகிட்ட வண்டி இருக்கா?”

“இருக்கு மேடம். முப்பத்தொன்பதாவது வரியில இருக்கு. யாருக்கும் தெரியல, அவ்வளவுதான்.”

ஒன்பது நாள் கழித்து, சட்டப் பிரிவும் தலையாட்டிய பிறகு, புதிய பக்கம் ஏறியது.

7

அன்று மத்தியானமே அக்காவின் பதில் வந்தது. மூன்றே வரி.

‘மெத்தைச் சீட்டை மறுபடியும் போன்ல பாத்தேன். “நீளமாக வளர்ந்த பிறகு”னு யார் எழுதினது? அவங்க பேர் என்ன?’

ஊழியர் பெயரைத் தெரிவிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. இந்த முறை விதி அவளுக்கு வசதியாக இருந்தது. ஆனாலும் அவள் பதில் எழுதவில்லை.

இங்கே நான்கு நாள் நின்றுவிட்டேன். என்னிடம் இருந்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தங்கை வேலை பார்க்கிற கம்பெனி என்று யார் மூலமோ தெரிந்துதான் அந்த மெத்தையை வாங்கினாள், தெரிந்துதான் ‘சொதசொத’ என்று எழுதினாள். சாமர்த்தியமான முடிவு. ஆனால் மூச்சுக்குத் திணறுகிற குழந்தையின் தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சாமர்த்தியம் செய்வாளா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இரண்டு: தங்கை கடைசி வரை சொல்வதே இல்லை. குழந்தை தவழ்ந்து, நடந்து, ஒவ்வொரு சேதியும் தகவல் பிரிவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. இது அழகாக இருந்தது. கதை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு பெண்களைப் பிரித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. விமரிசகர்கள் மன்னிக்கட்டும்.

மூன்று: அத்தான் நடுவில் வந்து— இல்லை. அவர் பாவம், தூங்கட்டும். பச்சைக் குழந்தை உள்ள வீடு.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

8

சனிக்கிழமை மத்தியானம் அவள் போனாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. கையில் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை. என்ன வாங்கினாலும் புது வாசனை வருமே என்று ஒவ்வொன்றாக எடுத்து, முகர்ந்து, கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பூ வாங்குவதுகூடத் தப்பாகத் தோன்றியது.

மூன்றாம் மாடி. ஒவ்வொரு படிக்கட்டிலும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். ‘அக்கா, அன்னைக்கு நான் சொன்னது—’ ‘அக்கா, என்னை—’ ‘நீ கேட்டியே, யார் எழுதினதுன்னு—’ மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லாமே சொதசொதவென்றுதான் இருந்தன.

மணி அடித்தால் குழந்தை விழிக்குமோ என்று விரல் நுனியால் கதவைத் தட்டினாள்.

அக்கா திறந்தாள். இளைத்திருந்தாள். தோளில் ஒரு துண்டு, தலைமுடியை எப்படியோ அள்ளி முடிந்திருந்தாள். தங்கையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எண்ணிச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. கீழே தெருவில் யாரோ ஒரு இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவது முழுவதுமாகக் கேட்கிற அளவுக்கு.

“அக்கா—”

“கை கழுவிட்டு வா” என்றாள் அக்கா. “முழங்கை வரைக்கும். சோப்பு குழாய்கிட்ட இருக்கு. மோதிரத்தைக் கழட்டிடு.”

தங்கை செருப்பை வெளியே விட்டுவிட்டு, பழக்கப்பட்ட வீட்டில் பழக்கப்பட்ட பக்கம் திரும்பினாள். குழாயைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரி சொன்னபடியே, ஒவ்வொரு விரலிடுக்கிலும் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் அழுதது வெளியே கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

“துடைச்சுக்க வேண்டாம், அந்தத் துண்டு நேத்துப் போட்டது. அப்படியே உதறிட்டு வா.”

உதறிவிட்டு வந்தாள். அக்கா நாற்காலியைக் காலால் தள்ளி ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டாள். “உக்காரு. முதுகைச் சாய்ச்சு. கையை இப்படி வை. தலையைப் பிடிக்கணும், கழுத்து நிக்காது.” எப்போது, எவ்வளவு, ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது, எல்லாம் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தாள்.

பிறகு இரண்டு கிலோ நானூறு கிராமைத் தங்கையின் கையில் வைத்தாள்.

குழந்தை கண்ணைத் திறந்தது. புதிதாக வந்திருக்கும் இந்த முகத்தை, புருவம் சுருக்கி, ஒரு மேலாளரைப் போலப் பார்த்தது. மூச்சு சீராகத்தான் இருந்தது. தங்கை தன் மூச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எதிரே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, “பேசு அவகிட்ட” என்றாள். “குரல் தெரிஞ்சுக்கணும்ல.”

9

தங்கை குழந்தையிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். குழந்தையிடம் சொன்னாலும் அது அக்காவுக்குத்தான். அக்காவுக்கும் அது தெரியும்.

அந்த வாக்கியத்தை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மன்னிப்பு இருந்தது, ஒன்றில் ஒரு சிரிப்பு, ஒன்றில் குழந்தையின் மூக்கு யார் மாதிரி என்ற விசாரணை மட்டும். ஐந்தையும் அடித்துவிட்டேன். இரண்டு வருஷம் பேசாமல் இருந்த ஒருத்தியின் முன்னால் வாயைத் திறக்கிறபோது முதலில் என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்படிப் பேச வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். தெரிந்திருந்தால் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அவருக்குப் போன் செய்திருப்பேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன். குழந்தை இன்னும் தூங்கவில்லை.

“ .................................................. ”